தோளில் ஏறும் படகு: வீட்டிலேயே பிளைவுட் கனூ கட்ட எந்த வழி ஏற்றது?

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் கனூ என்னும் ஒடுங்கிய துடுப்புப் படகு தண்ணீரில் மட்டும் போகிற படகு அன்று. பயணத்தில் ஒரு நல்ல பங்கு அது மனிதர் தோளில்தான் போகிறது. 1893-இல் அமைக்கப்பட்ட அல்கோன்குவின் மாகாணப் பூங்காவின் கனூ வழி வரைபடத்தை விரித்தால், ஏரிக்கும் ஏரிக்கும் இடையே சிறு கோடுகளும் அவற்றின் பக்கத்தில் மீற்றர்க் கணக்கும் குறிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு கோடும் போர்டேஜ் எனப்படும் காட்டுப் பாதை. அங்கே படகைக் கவிழ்த்துத் தலைக்கு மேல் தூக்கி, தோளில் தாங்கி, வேரும் கல்லும் சேறும் கடந்து அடுத்த ஏரிக்கு நடக்க வேண்டும். ஆகவே வீட்டில் கனூ கட்ட நினைப்பவர், வேகம், அழகு, செலவு ஆகியவற்றைப் பற்றி யோசிப்பதற்கு முன், கட்டி முடித்த படகு எத்தனை கிலோ இருக்கும் என்பதைத்தான் முதலில் கணக்கிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கீழே நான் ஒப்பிடும் ஒவ்வொன்றையும் பெரும்பாலும் அந்த எடையை அளவுகோலாக வைத்தே ஒப்பிட்டிருக்கிறேன்.

எங்கள் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன்; அது தெரியாமல் எங்கள் தேர்வுகள் விளங்கமாட்டா. ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவில் ஒரு கார் நிற்கும் அளவான கராஜ். அதில் பதினைந்தரை அடிப் படகை நடுவில் வைத்தால் இரு முனைகளிலும் ஓர் ஆள் உடம்பைத் திருப்பிப் போக மட்டுமே இடம் இருக்கும். கட்டியவர்கள் நானும் என் மைத்துனரும். இருவரும் தச்சுத் தொழில் படித்தவர்கள் அல்லர். புத்தகத் தட்டும் தோட்டத்து வாங்கும் செய்த அனுபவம் மட்டுமே உண்டு. கையில் இருந்த கருவிகள் ஒரு ஜிக்சா, ஒரு டிரில், ஒரு சிறிய இழைப்புளி, ஒரு மின் தேய்ப்பான், பத்துப் பன்னிரண்டு கிளாம்ப். பனி கரையும் காலத்தில் தொடங்கிக் கோடை முடிவதற்குள் ஏரியில் இறக்க வேண்டும் என்பது எங்கள் கெடு.

துடுப்புப் போடுவது மட்டுமே ஆசை என்றால் கட்டவே வேண்டாம். பூங்கா வாசலில் கெவ்லார் என்னும் இலேசான செயற்கை இழையால் ஆன நல்ல கனூவை நாள் வாடகைக்கு எடுக்கலாம். கடையில் வாங்கும் பதினாறு அடி பிளாஸ்டிக் கனூ விலையில் மலிவானது, பாறையில் மோதினாலும் தாங்கும்; ஆனால் அதன் எடை பெரும்பாலும் 35 கிலோவை ஒட்டி இருக்கும். கெவ்லார் 20 கிலோவுக்குள் வரும், விலையோ பல ஆயிரம் டாலர். இந்த இரண்டுக்கும் நடுவே, பிளாஸ்டிக்கின் செலவில் கெவ்லாருக்கு நெருங்கிய எடையைத் தருவது வீட்டில் கட்டும் மரக் கனூதான். எங்களை இதற்குள் இழுத்தது இந்தக் கணக்கே.

மரத்தில் கட்டுவது என்று முடிவானதும் நான்கு வழிகள் முன்னால் நின்றன. முதலாவது செடார் கீற்றுகளால் கட்டுவது. கால் அங்குலத் தடிப்பும் முக்கால் அங்குல அகலமும் கொண்ட செடார் கீற்றுகளை அச்சுச் சட்டங்களின் மேல் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக ஒட்டி, உள்ளும் புறமும் கண்ணாடியிழைத் துணி போர்த்துவார்கள். ரொறன்ரோவுக்கு வடகிழக்கே உள்ள பீற்றர்பரோ நகரம் கனூத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. 2024-இல் புதுக் கட்டடத்துக்கு மாறிய கனேடியக் கனூ அருங்காட்சியகமும் அங்கேதான் இருக்கிறது. அங்கே போய் நின்று பார்த்தவர்களுக்குக் கீற்றுக் கனூவின் மேல் ஆசை வராமல் போகாது. உருண்டு திரளும் வடிவம் வேறு எந்த முறையிலும் இவ்வளவு தூய்மையாக வராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கீற்றுகளை அறுக்க மேசை வாள் வேண்டும், அச்சுச் சட்டங்கள் வேண்டும், வேலை 150 முதல் 250 மணி நேரம் வரை இழுக்கும், எடையும் 22 முதல் 27 கிலோ வரை போகும். மாலையில் இரண்டு மணி நேரமும் சனி ஞாயிறும் மட்டும் கிடைக்கிற எங்களுக்கு அது இரண்டு கோடைக்கான வேலை.

இரண்டாவது, மெல்லிய பிளைவுட் பட்டைகளை ஓடு வேய்வதுபோல ஒன்றன் விளிம்பின் மேல் ஒன்று ஏறும்படி, பிசினும் கடினமாக்கியும் கலந்து இறுகும் எப்பாக்ஸிப் பசையால் ஒட்டும் முறை. ஸ்கொட்லாந்தில் வாழ்ந்த படகு வடிவமைப்பாளர் அயன் ஊட்ரெட் இந்த முறையில் வரைந்த சிறு கனூக்களின் வரைபடங்கள் உலகெங்கும் வீடுகளில் கட்டப்பட்டிருக்கின்றன. ஏறிய விளிம்புகளே விலா எலும்புபோல் விறைப்பைத் தருவதால் கண்ணாடியிழை பெரும்பாலும் தேவைப்படாது. படகு மிக இலேசாக வரும். எடையை மட்டும் பார்த்தால் இதற்குத்தான் முதலிடம் கொடுத்திருப்பேன். ஆனால் ஒவ்வொரு பட்டையின் விளிம்பையும் அடுத்த பட்டை ஏறி உட்காரும் கோணத்துக்குச் சீவ வேண்டும்; அந்தக் கோணமோ அணியம் என்னும் முன்முனையிலிருந்து பின்முனை வரை மாறிக்கொண்டே போகும். இழைப்புளியில் கை பழகிய ஒருவருக்கு அது இன்பமான வேலை. எங்கள் கைக்கு அது எட்டாது.

மூன்றாவது மிக எளிது: தட்டையான அடிப்பலகை ஒன்று, சாய்ந்த பக்கப்பலகை இரண்டு, மூலைகளில் உள்ளே ஓடும் சட்டங்கள். ஒரு வார இறுதியில் வடிவம் வந்துவிடும். குளக்கரையில் மீன் பிடிக்கவும், குழந்தைகளை ஏற்றி ஓரமாகச் சுற்றவும் நல்ல படகு, ஏறும்போது ஆடாது. அந்த ஆடாமையே அலையில் பாதகமாகும் என்பது பலருக்கு முதலில் தெரிவதில்லை. தட்டை அடி நீர்ப்பரப்போடு ஒட்டிக்கொள்வதால், பக்கவாட்டில் அலை வரும்போது படகும் அலையின் சரிவுக்கே சரிந்துவிடுகிறது. பல மடிப்புகள் கொண்ட அடியோ ஏறும்போது சிறிது ஆடினாலும், சாயச் சாயப் பக்கம் தண்ணீரில் அமிழ்ந்து தாங்கிப் பிடிக்கும். மேலும் தட்டை அடி விறைப்பாக நிற்கத் தடித்த பலகை வேண்டும், மூலைச் சட்டங்களின் எடையும் சேரும். காற்று வீசும் பெரிய ஏரியைக் கடக்கவும், பிறகு அதைத் தோளில் ஏற்றவும் எண்ணுகிறவர்களுக்கு இதை நான் சொல்லமாட்டேன்.

நாங்கள் தேர்ந்தது நான்காவதை: ஐந்து பலகைகளை விளிம்போடு விளிம்பு கம்பியால் தைத்து, மூலைகளில் எப்பாக்ஸிப் பசை பூசி, கண்ணாடியிழை நாடா ஒட்டும் தையல்-பசை முறை. இங்கிலாந்தில் 1960-களின் தொடக்கத்தில் ஜாக் ஹோல்ட் என்னும் வடிவமைப்பாளரும், தொலைக்காட்சியில் வீட்டு வேலைகள் கற்பித்த பாரி பக்னெலும் சேர்ந்து உருவாக்கிய மிரர் என்ற சிறு பாய்ப்படகு இந்த முறையை வீடு வீடாகக் கொண்டுசேர்த்தது. அந்தப் படகு 70,000-க்கும் மேல் கட்டப்பட்டிருக்கிறது. நம்மவர்களுக்கும் இது புதிதன்று. 1980-களில் கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தில் இதே முறையில், படகுக்கென்றே செய்யும் மரைன் பிளைவுட்டால் மீன்பிடி வள்ளங்கள் கட்டி அலையில் இறக்கினார்கள். அதற்கும் வெகு காலம் முன்பே சென்னைக் கரையின் மசூலாப் படகு தென்னங்கயிற்றால் பலகை தைத்துக் கட்டப்பட்டது. இதே ஒன்ராறியோக் காடுகளில் அனிஷினாபே மக்கள் பூர்ச்சமரப் பட்டையை ஸ்பிரூஸ் மரத்தின் வேரால் தைத்து, தையலின் மேல் ஸ்பிரூஸ் பிசினைப் பூசிக் கனூ கட்டினார்கள். ஆனால் மசூலாவிலும் பட்டைக் கனூவிலும் தையலே கடைசிவரை படகைப் பிடித்து நிற்கிறது. அந்த நெகிழ்ச்சியால்தான் மசூலா கரையில் மோதினாலும் உடையவில்லை. எங்கள் முறையில் செப்புக் கம்பி பசை இறுகும் வரைக்குமான துணை மட்டுமே. இறுகியதும் வெட்டி எடுத்துவிடுவோம்.

இந்த வழியில் வேலை நேரம் 60 முதல் 100 மணி வரை. அச்சுச் சட்டம் அதிகம் வேண்டாம். எடை 20 கிலோவை ஒட்டி வரும். தரையில் தட்டையாகக் கிடந்த பலகைகளைத் துளையிட்டு, விளிம்பு சேர்த்து, கம்பியை ஒவ்வொன்றாக முறுக்கிக்கொண்டே போனபோது, நடுவில் தொடங்கி முனையை நெருங்க நெருங்கப் பலகை தானாகவே திருகி எழுந்தது. காலையில் தொடங்கிய வேலை, பிற்பகல் மூன்று மணிக்கு அணியமும் வயிறும் கொண்ட படகாகக் குதிரைத் தாங்கியில் நின்றது. மைத்துனர் சற்று நேரம் ஒன்றும் பேசாமல் அதன் பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

அடுத்த கேள்வி எந்தப் பலகை என்பது. கட்டுமானப் பொருள் கடையில் கிடைக்கும், டக்ளஸ் ஃபிர் மரத்தில் செய்த கால் அங்குல வெளிப்புறத் தர பிளைவுட்டா, பி.எஸ். 1088 என்னும் பிரிட்டிஷ் தரமுறைப்படி செய்த ஒக்கூமே என்னும் இலேசான மரத்தின் 4 மில்லிமீற்றர் மரைன் பிளைவுட்டா? விலையில் பின்னது பல மடங்கு. அதனால் பெரும்பாலோர் முதல் படகுக்கு முன்னதையே நாடுகிறார்கள். நாங்களும் முதலில் அதையே வாங்கினோம். அந்தத் தவற்றை விரிவாகச் சொல்வது பிறருக்குப் பயன்படும்.

வெளிப்புறத் தரம் என்றால் அடுக்குகளை ஒட்டிய பசை தண்ணீருக்குத் தாங்கும் என்பதே பொருள். உள் அடுக்குகள் முழுமையாக இருக்கும் என்று பொருள் இல்லை. வாங்கிய பலகையிலிருந்து சோதனைக்காக ஒரு விரற்கடைப் பட்டையை அறுத்து வெளிச்சத்தில் பிடித்தபோது, நடு அடுக்கில் ஒரு முடிச்சு உதிர்ந்த இடத்தில் கட்டைவிரல் நகம் நுழையும் அளவுக்குப் பொந்து இருந்தது. மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. வீடு கட்டும் தளத்தில் அந்தப் பொந்து யாருக்கும் தீங்கு செய்யாது. படகின் வளைவில் அந்த இடம் வந்தால், கம்பியை முறுக்கும்போது பலகை சரியாக அங்கேயே படீரென முறியும், முறியாமல் தப்பினால் பின்னொரு நாள் அங்கே நீர் புகுந்து உளுக்கும். அத்துடன் டக்ளஸ் ஃபிர் பிளைவுட்டின் முகம், பெயின்ட்டின் அடியிலும் காலப்போக்கில் மயிரிழை வெடிப்புகள் விடும் இயல்புடையது.

பொந்தைக் காட்டிலும் என் மனத்தை மாற்றியது எடைக் கணக்குதான். எட்டடிக்கு நான்கடிப் பலகையின் பரப்பு ஏறத்தாழ 3 சதுர மீற்றர். ஒக்கூமேயின் அடர்த்தியைக் கன மீற்றருக்கு 480 கிலோ என்று கொண்டால், 4 மில்லிமீற்றர்ப் பலகை ஒன்று 6 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கால் அங்குல ஃபிர் பலகையோ 10 கிலோவைத் தாண்டும். எங்கள் வரைபடத்தின்படி படகின் மேனி ஐந்து சதுர மீற்றருக்குச் சிறிது அதிகம். ஆகவே ஒக்கூமேயில் மேனி 10 கிலோ, ஃபிரில் 18 கிலோவுக்கு மேல். எப்பாக்ஸியும் விளிம்புச் சட்டமும் இருக்கைகளும் எப்படிக் கட்டினாலும் இன்னொரு 10 கிலோ சேர்க்கும். அதாவது, ஒன்று 20 கிலோப் படகு, மற்றது 28 கிலோப் படகு. ஒரு மழைநாள் போர்டேஜில், முதுகில் பையும் தோளில் படகுமாக நடந்தவர்களுக்கு அந்த எட்டுக் கிலோ என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை.

தடித்த பலகையின் பக்கமும் நியாயம் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. விறைப்பு தடிப்பின் மூன்றாம் அடுக்காகக் கூடுவதால், 6 மில்லிமீற்றர்ப் பலகை 4 மில்லிமீற்றரைவிட மூன்று மடங்குக்கு மேல் விறைப்பானது; கண்ணாடியிழைப் போர்வை இல்லாமலே நிற்கும். 4 மில்லிமீற்றருக்கு வெளிப்புறம் முழுவதும் மெல்லிய துணி போர்த்தியே ஆக வேண்டும். ஆனால் அதே விறைப்பால் முனைகளில் திருகும்போது தடித்த பலகை முரண்டு பிடிக்கும், கம்பியை அறுக்கும். ஒக்கூமேக்கும் ஒரு குறை உண்டு: மரம் என்ற அளவில் அது உளுத்தலை எதிர்த்து நிற்பதில்லை. எப்பாக்ஸிப் பூச்சு எங்காவது உரிந்து, அதைக் கவனியாமல் ஈரத்தோடு கிடத்தினால் கறுத்துவிடும். ஆண்டுக்கு ஒரு முறை கீறல்களைப் பார்த்துப் பூசுகிற பொறுமை இல்லாதவர்கள் இதை வாங்க வேண்டாம்.

இரண்டுக்கும் நடுவே மெராந்தி என்னும் மரத்தில் செய்த மரைன் பிளைவுட் கிடைக்கிறது. ஒக்கூமேயைவிடக் கனம், ஆனால் உறுதி. தமிழ்நாட்டில் இதைப் படிப்பவர்கள் ஐ.எஸ். 710 என்னும் இந்தியத் தரமுறை முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டைக் கேட்டு வாங்கலாம். அது பெரும்பாலும் கனமான மரங்களில் வருவதால், தோளில் தூக்கும் தேவை இல்லாத காயலிலும் ஏரியிலும் பயன்படுத்த ஏற்றது. எந்த முத்திரை இருந்தாலும் ஒரு துண்டை அறுத்துப் பானையில் சில மணி நேரம் கொதிக்கவைத்து, காயவைத்து, அடுக்கு பிரிகிறதா என்று பார்த்துவிட்டே மீதிப் பலகையில் வாள் வைக்க வேண்டும்.

பலகைக்கு அடுத்தது வரைபடம். இதில் உண்மையான போட்டி வெட்டிய பலகைகளோடு வரும் கிட்டுக்கும், வெறும் வரைபடத்துக்கும் இடையேதான். அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்து அனாபொலிஸ் நகரிலிருந்து செயல்படும் செசபீக் லைட் கிராஃப்ட் போன்ற நிறுவனங்கள், கணினி இயந்திரத்தில் வெட்டிய பலகை, பசை, துணி, கையேடு எல்லாவற்றையும் பெட்டியில் அனுப்புகின்றன. துளைகள்கூட முன்பே போடப்பட்டிருக்கும். பலகைகளை நீளமாக இணைக்க ஜிக்சா புதிர்போன்ற பற்கள் இருக்கும். விலை ஆயிரம் அமெரிக்க டாலரைத் தாண்டும். கனடாவுக்கு வரும்போது நாணய மாற்று, சுங்கம், நீளமான பெட்டிக்கான அனுப்புச் செலவு மூன்றும் சேரும். வரைபடம் மட்டும் என்றால் நூறு டாலரை ஒட்டிய தொகை. ஆனால் வெட்டுவதும் பிழையும் நம் பொறுப்பு.

நேரம் மிகக் குறைவாகவும் பணம் ஓரளவு தாராளமாகவும் உள்ளவருக்கு, குறிப்பாகப் பிள்ளைகளோடு ஒரு கோடை விடுமுறையில் கட்டி முடிக்க வேண்டும் என்று எண்ணுகிறவருக்கு, கிட்டே சரி என்பேன். நாங்கள் வரைபடத்தை எடுத்தோம். மிச்சமான பணம் ஒக்கூமே பலகைக்குப் போனது. சொந்தக் கையால் வளைவு வரைய வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. இலவசமாகக் கிடைக்கும் வரைபடங்களைத் தொடவில்லை. பலகையும் பசையும் சேர்ந்து பல நூறு டாலராகும் வேலையில், யாரும் கட்டிப் பார்த்துத் திருத்தாத ஒரு தாளை நம்பி நூறு டாலர் மிச்சம் பிடிப்பது சரியான சிக்கனம் ஆகாது.

வரைபடத்திலும் இரு வகை. ஒன்று முழு அளவில் அச்சிட்ட தாள். பலகையின் மேல் விரித்து ஊசியால் குத்தி வளைவைப் பெயர்த்துக்கொள்ளலாம். எளிது, ஆனால் கராஜின் ஈரத்தில் தாள் நீளும், சுருங்கும். மற்றது அளவுப் பட்டியல்: ஒவ்வொரு அடித் தூரத்திலும் அடிக்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீற்றர் உயரத்தில் புள்ளி வைக்க வேண்டும் என்று எண்கள் மட்டும் இருக்கும். புள்ளிகளில் சிறு ஆணி அறைந்து, நீண்ட மெல்லிய வளைசட்டம் ஒன்றை ஆணிகளின் மேல் வளைத்துப் பிடித்தால் அதன் ஓரமே கோடு. நான் இரண்டாவதையே விரும்புகிறேன், ஏனெனில் அது பிழையைத் தானே காட்டிக் கொடுக்கிறது. எங்கள் நான்காவது ஆணியில் வளைசட்டம் படாமல் அரை விரல் விலகி நின்றது. பட்டியலைத் திரும்பப் பார்த்தால் 271 என்பதை நான் 277 என்று எழுதியிருக்கிறேன். முகத்தைப் பலகையின் மட்டத்துக்குத் தாழ்த்தி, ஒரு கண்ணை மூடி, கோட்டின் நீளத்தில் பார்வையை ஓடவிட்டால் இரண்டு மில்லிமீற்றர் மேடும் தெரிந்துவிடும். தாளில் அச்சிட்ட கோடு நீண்டிருந்தால் அது தெரிய வழியே இல்லை.

பதினைந்தரை அடிப் படகுக்கு எட்டடிப் பலகையை நீளமாக இணைத்தாக வேண்டும். இதற்கு மூன்று வழிகள்: இணைப்பின் உட்புறம் ஒரு பட்டை வைத்து ஒட்டுவது, இரு முகத்திலும் கண்ணாடியிழை நாடா மட்டும் வைப்பது, சாய்வாகச் சீவி ஒன்றன் மேல் ஒன்று ஒட்டுவது. பட்டை ஒட்டு மிக எளிது. ஆனால் அந்த இடம் மட்டும் இரட்டை விறைப்பாகி வளையாமல் நிற்பதால், படகின் வயிற்றில் ஒரு தட்டை விழும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் வாழ்ந்த படகுக் கட்டுநர் ஹெரால்ட் பேசன் பரப்பிய நாடா ஒட்டு எடை சேர்க்காது, விரைவாக முடியும். முதன்முறை கட்டுகிறவருக்கு இதையே சொல்வேன். நாங்கள் கொஞ்சம் துணிந்து சாய்வு ஒட்டைச் செய்தோம். விகிதம் எட்டுக்கு ஒன்று. 4 மில்லிமீற்றருக்கு 32 மில்லிமீற்றர்ச் சரிவு. பலகைகளைப் படிக்கட்டுபோல் அடுக்கி, எல்லாவற்றையும் ஒரே சரிவாக இழைத்தோம். இழைக்க இழைக்க அடுக்குகள் வெளிர் நிறமும் கரு நிறமுமாய் வரி வரியாய் வெளிப்படும். வரிகள் கோடு கிழித்ததுபோல் நேராக ஓடினால் சரிவு சரி, ஓரிடத்தில் அலை அடித்தால் அங்கே இழைப்புளி ஆழ்ந்துவிட்டது என்று அறியலாம். எந்த அளவுகோலும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது. இரண்டு பலகைகளை முழு அகலத்தில் இணைத்து, மூன்றாவதை நீளவாக்கில் பிளந்து இணைத்ததில், மூன்று பலகையிலேயே ஐந்து பகுதிகளும் அடங்கின.

பசையைப் பற்றித்தான் எனக்கும் மைத்துனருக்கும் நெடுநேர வாதம் நடந்தது. அவர் ஊரில் இளமையில் பைபர் வள்ளம் கட்டும் பட்டறை ஒன்றில் வேலை செய்தவர். “அத்தான், ஊரில எல்லா வள்ளத்துக்கும் பாலியெஸ்டர்தானே ஊத்தினனாங்கள், கால் வாசி விலையில வேலை முடியுமே” என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. முழுக்கக் கண்ணாடியிழையால் ஆன வள்ளத்தில் பாலியெஸ்டர் பிசின்தான் உடம்பே. ஆனால் மரத்தின் மேல் அது மேலோட்டமாகத்தான் பிடிக்கிறது. மரம் ஈரம் குடித்து உப்பி, காய்ந்து சுருங்க, சில ஆண்டுகளில் நாடா தோல்போல் உரியும். எப்பாக்ஸி மரத்தின் நாருக்குள் இறங்கிப் பிடிக்கிறது, இடைவெளியையும் நிரப்புகிறது, மரத்தூள் கலந்து பிசைந்தால் மூலைப் பூச்சுக்குச் சந்தனம்போல் குழைந்து நிற்கிறது. விலை பலகைக்கு இணையாக வரும் என்பது உண்மை. இந்த முறையில் படகை ஒன்றாகப் பிடித்து நிற்பது ஆணியும் இல்லை, சட்டமும் இல்லை, இந்தப் பசை ஒன்றுதான் என்பதால், இங்கே சிக்கனம் கூடாது என்று முடிவு செய்தோம்.

பாலியெஸ்டரில் பழகிய கைக்கு எப்பாக்ஸியில் ஓர் ஆபத்து உண்டு. பாலியெஸ்டரில் ஊக்கியைச் சில துளி கூட்டினால் சீக்கிரம் இறுகும். எப்பாக்ஸியில் அப்படிச் செய்யக் கூடாது; பிசினும் கடினமாக்கியும் உற்பத்தியாளர் சொன்ன விகிதத்தில், எங்களுடையதில் இரண்டுக்கு ஒன்று, துல்லியமாகக் கலக்க வேண்டும். கூட்டினாலும் குறைத்தாலும் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். குளிரில் இறுகுவது தாமதமாவதால் விரைவுக் கடினமாக்கியும், வெயில் காலத்துக்கு மெதுவானதும் தனித்தனியே விற்கிறார்கள். நாங்கள் ஏப்ரலில் விரைவானதை வாங்கி, பிசின் புட்டியைச் சுடுநீரில் இளக்கிக் கலந்தோம். ஆழமான ஒரு குவளையில் கலந்து வைத்துவிட்டு நாடாவைச் சரிசெய்யத் திரும்பிய ஐந்து நிமிடத்துக்குள் குவளை கையால் தொட முடியாத சூடேறிப் புகையத் தொடங்கியது. ஓடிப்போய் வெளியே மிச்சமிருந்த பனிக்குவியலில் வைத்தோம். அது தன்னைச் சுற்றிப் பனியை உருக்கிக்கொண்டே இறங்கியது. கலந்த மறுகணம் அகலமான தட்டில் பரப்பிவிட்டால் வெப்பம் சேராது. கையுறை இல்லாமல் எப்பாக்ஸியைத் தொடாதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். ஒரு முறை உடம்புக்கு ஒவ்வாமை வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் அதன் அருகே போக முடியாது.

வெளிப்புறம் முழுவதும் துணி போர்த்துவதா, மடிப்புகளில் மட்டும் நாடாவா என்பதில் நான் அதிகம் தயங்கவில்லை. சதுர மீற்றருக்கு 200 கிராம் துணியை அடிக்கும் பக்கத்துக்கும் போர்த்தினோம், உட்புறம் நாடாவும் பூச்சும் மட்டும். வார்னிஷா பெயின்ட்டா என்றால், வெளியே பெயின்ட். சூரிய ஒளி எப்பாக்ஸியைச் சிதைக்கும். வார்னிஷ் அடித்தால் ஆண்டுதோறும் திரும்ப அடிக்க வேண்டியிருக்கும். இரு முனைகளிலும் மூடிய காற்றறைகள் வைத்தோம். அவை ஒரு கிலோ எடை கூட்டின. ஆனால் படகு கவிழ்ந்து நீர் நிறைந்தாலும் பிடித்துக்கொண்டு மிதக்கலாம். அறைகளுக்குத் திருகு மூடி வைத்து, கரையில் இருக்கும்போது திறந்து வைக்க வேண்டும், இல்லையேல் உள்ளே வியர்த்து மரம் கெடும். ஆளுக்கொரு மிதவை அங்கி, 15 மீற்றர் மிதக்கும் கயிறு, விசில் ஆகியவற்றைக் கனேடியச் சட்டம் கேட்கிறது. வீட்டில் கட்டிய படகென்று விலக்கு எதுவும் கிடையாது.

எல்லாம் முடிந்து குளியலறைத் தராசில் நான் படகோடு ஏறி, பிறகு தனியே ஏறிக் கழித்துப் பார்த்ததில் 21 கிலோவும் சில நூறு கிராமும் வந்தது. கணக்குப் போட்டதற்கு ஒரு கிலோ அதிகம்; மூலைப் பூச்சைத் தாராளமாகப் பூசியதன் பலன் அது.

கடைசியாக ஒரு தேர்வு மிச்சமிருந்தது: நுகம். படகின் நடுவே குறுக்காக அமைந்து தோளில் உட்காரும் வளைந்த சட்டத்துக்கு ஆங்கிலத்திலும் மாட்டின் நுகத்துக்குள்ள பெயரே வழங்குகிறது. ஆஷ் மரத்தில் செதுக்கிய ஆயத்த நுகம் கடையில் கிடைக்கும். கழுத்துக்கும் தோளுக்கும் பொருந்தும்படி சொந்தமாகச் செதுக்கவும் செய்யலாம். நான் கடை நுகத்தை வாங்கி, என் தோள் எலும்பு உறுத்திய இடத்தில் மட்டும் அரத்தால் ராவி ஆழப்படுத்தினேன். வரைபடத்தில் அதற்கு ஓர் இடம் குறித்திருந்தாலும் அங்கே பொருத்தாமல், இருக்கையும் காற்றறையும் பெயின்ட்டும் முடிந்து படகின் முழு எடையும் வந்து சேரும்வரை காத்திருந்தோம். பிறகு படகை ஒரு குழாயின் மேல் குறுக்காக வைத்துச் சமநிலைப் புள்ளியைக் கண்டு, அதிலிருந்து ஒரு விரல் அகலம் அணியத்தின் பக்கமாகத் தள்ளி நுகத்தைத் திருகினோம். அப்படி வைத்தால் பின்முனை சற்றே தாழ்ந்து அணியம் மேலே எழும். படகுக்குக் கீழே நடப்பவரின் கண்ணுக்கு முன்னால் பாதை தெரியும்.